வீடு மாறும் சுரங்கள்

கிதார் கற்கப் புகுந்த எவரும் ஓரிரு ஆண்டுகளில் 'மோட்' என்ற சொல்லின் முன் வந்து நிற்பர். பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஏழு மோட்களையும் ஏழு விரலமைப்புகளாகவே அச்சிடுகின்றன. விரல்களுக்கு அது வசதி. செவிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சி மேஜரின் அதே ஏழு சுரங்களை டி-யில் தொடங்கினால் டோரியன் என்கிறது நூல். நண்பர்கள் நாங்கள் இருவரும் வாசித்துப் பார்த்தோம். எங்கே தொடங்கினாலும் காது சி-யிலேயே போய் அமர்ந்தது.

தம்புராதான் வழிகாட்டியது. ஆறாம் தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினோம். எங்களில் ஒருவர் அதனையும் ஐந்தாம் தந்தியான ஏ-யையும், அதாவது ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும், மீட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் அதே சுரங்களை நிதானமாக வாசித்தார். சி இப்போது வீடு அன்று. டி-யை நோக்கிச் சாயும் நிஷாதம். கச்சேரி கேட்டு வளர்ந்த நண்பருக்கு டோரியன் அக்கணமே கரகரப்பிரியாவாயிற்று. பி-யை மட்டும் அரைச்சுரம் இறக்கினால் ஏயோலியன், நடபைரவி. அந்த ஒரு சுரத்தில் அறையின் வெளிச்சமே குறைந்தாற்போலிருந்தது.

ஆதாரத்தை இடம்பெயர்க்கும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. கர்நாடக இசையில் கிரகபேதம் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஏழு பாலைகளையும் ஆய்வாளர் பலர் இவ்வாறே விளக்குகின்றனர். செம்பாலையை அரிகாம்போதி எனக் கொண்டால் செவ்வழிப்பாலை லோக்ரியனாக வந்து விழுகிறது. முறையான பஞ்சமம் இல்லாததால் 72 மேளங்களில் அதற்கு இடமில்லை.

ஆனால் சுரவரிசை ராகமாகிவிடாது. நண்பர் கிதாரைத் தொட்டதே தோடி வாசிக்கத்தான். பிரிஜியன் தோடியின் சுரங்களைத் தந்தது, காந்தாரத்தின் அசைவைத் தரவில்லை. தந்தியை இழுத்து வளைத்தார்; தோடி வரவில்லை, அழுகைதான் வந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஃபிரெட்டுகளின் மேலேயே கமகம் காட்டியவர். ஆகவே கருவியைக் குறைசொல்லவும் வழியில்லை. நண்பர் இன்னும் விடவில்லை.

இடையிடையே மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' வாசிக்கிறோம். 1959இல் வெளியான 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் உருப்படி. 16 பார் டி டோரியன், 8 பார் அரைச்சுரம் மேலே, மீண்டும் 8 பார் டி. விரைந்து மாறும் கார்டுகளின் பின்னே ஓட வேண்டியதில்லை. ஒரு ஃபிரெட் நகர்ந்தால் போதும். கைக்கு எளிதுதான். 16 பார் ஓரிடத்தில் நின்று பேச ஏதேனும் இருக்க வேண்டுமே! எட்டாம் பாரிலேயே எங்கள் சரக்கு தீர்ந்துவிடுகிறது.