போடிமெட்டில் ஒரு 'டக்'!

நீங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டா? அப்போ 'எஞ்சின் ஏன் சீஸ் ஆகிறது?' என்ற ரெண்டு மார்க் கேள்விக்கு நிச்சயம் பதில் எழுதியிருப்பீங்க. நானும் எழுதி, ரெண்டுக்கு ரெண்டு வாங்கினவன்தான். ஆனா, போடிமெட்டு மலைப்பாதையில் என் கண் முன்னாலேயே ஒரு எஞ்சின் செத்தப்போ, நான் வாங்கினது முட்டை!

ஏலக்காய்த் தோட்டம் பற்றி எழுதத்தான் மதுரையில் ரயில் ஏறினேன். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றுபோய், அகலப்பாதை போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். சுமார் 90 கிலோமீட்டர் பயணம். ஜன்னலோர சீட் கிடைச்சா விட்டுடாதீங்க. மலை கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றது அவ்வளவு அழகு!

ராத்திரி நண்பன் வீட்டில் தங்கல். காலையில் அஞ்சு மணிக்குத் தெருவுக்கு வந்தா, ஊரே ஜீப்புக்காக நிக்குது. கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு... எல்லாம் தோட்டத்துக்குப் போகும் அக்காக்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை பகுதியில் காய் எடுத்துட்டு, சாயங்காலம் திரும்பிடுவாங்க. ஜீப் மேலே போய்ச் சேர்ந்தாத்தான் அன்னிக்குச் சம்பளம்.

"எஞ்சினுக்குப் படிக்கிற தம்பியா? முன்னாடி வா" என்று டிரைவர் அண்ணன் பக்கத்தில் இடம் கொடுத்தார். மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. "லோடு ஏத்தத்துல அப்படித்தாம்ப்பா காட்டும்" என்றார். ரெண்டு வளைவு தாண்டினதும், முள் தானாகவே சரசரவென்று கீழே இறங்கியது. "பாத்தியா, இறங்கிருச்சு!" நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன். லேசா ஒரு காந்தல் வாடை மட்டும் மூக்கில் ஏறுச்சு. இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறவர்கிட்ட மூணாவது வருஷம் படிக்கிறவன் என்ன சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன்.

அடுத்த வளைவில் வண்டி இழுக்காமல் திணறி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான்.

அக்காக்கள் இறங்கி சக்கரத்துக்குக் கல் வெச்சாங்க. பின்னால் வந்த ஜீப்களில் இடம் கிடைச்சவங்க ஏறிக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கு மட்டும் கிடைக்கலை. "இன்னிக்குச் சம்பளம் போச்சு தம்பி" என்று கீழே போகும் பஸ்ஸில் ஏறினாங்க. நாங்க வண்டியைத் திருப்பி, பின்னால் இன்னொரு ஜீப் கயிறு கட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வர, மெதுவா போடி ஒர்க்ஷாப்புக்கு இறக்கினோம்.

"எஞ்சின் சீஸ் ஆயிருச்சுண்ணே!" நான்தான் முந்திக்கிட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரிச்சார். "நாடி பிடிக்காமயே செத்துட்டான்னு சொல்றவன் டாக்டராப்பா?"

அவர் நாடி பிடிச்ச வரிசையைக் கவனிங்க. முதலில் லைட்டைப் போட்டு, சாவியைத் திருப்பினார். லைட் மங்கியது. அப்படின்னா பேட்டரி இருக்கு, செல்ஃப் மோட்டார் முக்குது, சுத்த முடியலை. அடுத்து கியரையும், நாலு சக்கரத்துக்கு மாத்தும் குட்டி லீவரையும் நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டியைத் தள்ளினால் நகர்ந்தது. சக்கரம் பக்கம் சிக்கல் இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ரெண்டையும் கையால் சுத்திப் பார்த்தார். சுத்துது. செல்ஃபையே கழற்றினார், அதன் பல் ஃப்ளைவீலில் மாட்டியிருந்தாலும் எஞ்சின் இப்படித்தான் அடம் பிடிக்குமாம். கடைசியாக இன்ஜெக்டர்கள். சிலிண்டருக்குள் தண்ணி புகுந்திருந்தா பிஸ்டன் மேலே வராது, தண்ணியை அமுக்க முடியாதே! இன்ஜெக்டரைக் கழற்றிட்டா அது வெளியே பீய்ச்சும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர், ஸ்பேனருக்கு மேல் நீளமான பைப். ரெண்டு பேர் தொங்கினோம். ம்ஹூம்! தண்ணியும் வரலை, போல்ட்டும் அசையலை.

"இப்பச் சொல்லு, சீஸ்தான்" என்றார்.

ஹெட்டைக் கழற்றினால் மூணாவது பிஸ்டன் லைனரோட ஒட்டியிருந்தது. சம்ப்பை இறக்கினால் கிராங்க் பேரிங் சுத்தி, கறுத்துப் போயிருந்தது. காரணம், ரேடியேட்டரின் அடி ஹோஸ். அதில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. தண்ணி முழுக்க ரோட்டுல! சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் ரெண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், லைனர் வார்ப்பிரும்பு. நடுவில் இருக்கும் இடைவெளி காணாமல் போக, ஆயிலும் தண்ணியாட்டம் இளகிப்போக, உலோகமும் உலோகமும் உரசியிருக்கு.

அப்போ முள் ஏன் இறங்கியது? இங்கேதான் எனக்கு முட்டை. சென்சார் தண்ணிக்குள் மூழ்கியிருந்தாத்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணியே இல்லாட்டி, அது வெறும் காத்தை அளந்துக்கிட்டு இருக்கும். முள் இறங்கினது வண்டி ஆறினதால் இல்லை, தண்ணி தீர்ந்ததால்!

லைனர் மட்டும் போயிருந்தா மாத்திடலாம். கிராங்க்கும் போனதால், வேற எஞ்சின் வாங்குறதே லாபம்னு முடிவாச்சு. வீட்டு நகை அடகுக்குப் போச்சு, மதுரையில் இருந்து பழைய எஞ்சின் ஒண்ணு வந்தது. வாங்கும்போதே அதைக் கையால் சுத்திப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

பானெட், ரேடியேட்டர், வயர், டீசல் பைப், சைலன்சர் எல்லாம் கழன்றது. கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி. செயின் பிளாக்கில் பழைய எஞ்சின் மேலே தொங்க, புதுசு உள்ளே இறங்கியது. கிளட்ச் பிளேட்டை ஒரு பழைய ஷாஃப்ட்டை நுழைத்து நடுவில் நிறுத்தியிருந்ததால், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் 'சொய்ங்' என்று உள்ளே போனது. ஆனா, உடனே ஸ்டார்ட் பண்ண விடலை. "கொன்னது எதுன்னு பாக்காம புதுசைப் போட்டா, அதுவும் சாகும்" என்று ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணி, எல்லா ஹோஸையும், தெர்மோஸ்டாட்டையும் மாத்தினார். கைப்பம்ப்பை அடித்து டீசலில் இருந்த காத்தை வெளியேற்றினார். ரெண்டாவது செல்ஃபில்... 'டுடுடு'! டிரைவர் அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

"எஞ்சின் நம்பர் மாறிருச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.யை மாத்தாம மேல போகாத, மெட்டுல செக்போஸ்ட் இருக்கு" என்று மெக்கானிக் கடைசியாக எச்சரித்தார்.

பேப்பர் வேலை முடிஞ்சு வண்டி ஏறின அன்னிக்கு, நானும் மறுபடி போடிக்கு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த எட்டாவது வளைவில், மனசில் இருந்ததைச் சொல்லிட்டேன். "அண்ணே, அன்னிக்கு அந்த வாடை எனக்கும் வந்துச்சு. சொல்லலை."

அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "எனக்கும்தான் வந்துச்சு தம்பி. அக்காக்களுக்கு நேரமாகுதேன்னு மிதிச்சேன்."

பத்தாவது வளைவில் ஓரமா நிறுத்தி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஹோஸ் காய்ஞ்சு கிடந்தது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அன்னிக்கு இடம் கிடைக்காமல் திரும்பின அக்காக்களில் ஒருத்தர் பின்னாலிருந்து, "என்ன தம்பி, மலையைப் பாக்காம முள்ளையே பாத்துட்டு வர்றே?" என்று கேட்க, ஜீப்பே சிரிச்சது.

போடிமெட்டு போனா நீங்க தாராளமா மலையைப் பாருங்க, பள்ளத்தாக்கைப் பாருங்க. ஆனா காந்தல் வாடை வந்தா, பக்கத்தில் யார் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிடுங்க, ப்ளீஸ்!