பொம்மை ரயில் புகட்டிய பாடம்

பயணம் என்றாலே பள்ளி மாணவியருக்குப் பண்டிகைதான்! அதிலும் ரயில் பயணம் என்றால் கேட்கவும் வேண்டுமா? புளியோதரைப் பொட்டலமும், சீடையும் முறுக்கும், சன்னலோர இடத்திற்கான செல்லச் சண்டையுமாகப் பொழுது போவதே தெரியாது. ஆனால், தோழியரே, ரயிலைப் பற்றி நாங்கள் கற்ற மிகப் பெரிய பாடத்தை ரயிலில் அமர்ந்து கற்கவில்லை. சுண்டுவிரல் உயரத்தில் ரயில்கள் ஓடும் ஓர் இடத்தில் நின்றுதான் கற்றோம். அதனை எங்கள் ஆண்டு மலர் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

சென்ற ஆண்டு, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது, புனே நகரில் நடைபெற்ற மாணவியர் முகாம் ஒன்றிற்கு எங்கள் பள்ளியிலிருந்து எண்மர் தேர்வு செய்யப்பட்டோம். அருட்சகோதரி ஒருவரும் கணித ஆசிரியையும் எங்களை அழைத்துச் சென்றனர். விடியற்காலையில் காரைக்குடிச் சந்திப்பில் செபம் சொல்லிப் பல்லவன் விரைவு வண்டியில் ஏறினோம். செட்டிநாடு, புதுக்கோட்டை, திருச்சி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே ஓடின. சென்னை சென்ட்ரலில் மும்பை செல்லும் வண்டிக்கு மாறி, மறுநாள் புனே சேர்ந்தோம்.

முகாமின் இறுதி நாளன்று பிற்பகல் ஓய்வு கிடைத்தது. "கடைத்தெருவுக்குப் போவோமா, அருங்காட்சியகத்திற்குப் போவோமா?" என்று சிஸ்டர் கேட்டார். எங்கள் வாய்கள் கடைத்தெரு என்று முணுமுணுத்தன. ஆனால் சிஸ்டரின் கால்கள் அருங்காட்சியகத்தை நோக்கி நடந்தன! கோத்ரூட் என்னும் பகுதியில் அமைந்துள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் அது. பாவு ஜோஷி என்று அன்புடன் அழைக்கப்பட்ட ஒரு தனிமனிதர், ரயில் பொம்மைகள் மேல் கொண்ட தீராத ஆசையால் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1998-ஆம் ஆண்டு இதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். அவர் மறைந்த பின்னும் அவர் குடும்பத்தார் இதனைப் போற்றி நடத்தி வருகின்றனர் என்று அறிந்தோம்.

உள்ளே நுழைந்ததும் வாயடைத்து நின்றோம். ஓர் ஊரே எங்கள் இடுப்பளவில் விரிந்து கிடந்தது! மலையும் குகைப் பாதையும், மேம்பாலமும் நெடுஞ்சாலையும், கம்பியில் தொங்கிச் செல்லும் இழுவைப் பெட்டியும், சர்க்கஸ் கூடாரமும் கண்டோம். அவற்றினூடே நீராவி இன்ஜின் ஒன்று ஒரு பக்கம் ஓட, அதிவேக ரயில் ஒன்று மறுபக்கம் பாய்ந்தது. கைகாட்டிகளும் விளக்குகளுமாக அறுபத்தைந்து சிக்னல்கள் உள்ளனவாம். சற்று நேரத்தில் அறை விளக்குகள் மங்கின. ஊரில் அந்தி சாய்ந்தது! வீடுகளிலும் தெருக்களிலும் நிலையத்திலும் குட்டி விளக்குகள் பூத்தன. எங்களில் ஒருத்தி, "கார்த்திகை தீபம் மாதிரி இருக்குடி!" என்று கத்தியேவிட்டாள். கண்கொள்ளாக் காட்சி என்பது இதுவே அன்றோ!

கணித ஆசிரியை எங்கே இருந்தாலும் அங்கே ஒரு கணக்கும் இருக்கும். "இங்குள்ள பொருள்களெல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். உண்மையான அகலம் என்ன?" என்று கேட்டார். நோட்டின் பின்னட்டையில் பெருக்கினோம். 1,435 மில்லிமீட்டர் வந்தது. ஆனால் நம் நாட்டு அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையோ 1,000 மில்லிமீட்டர். இரண்டோடும் பொருந்தவில்லையே என்று விழித்தோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பாதை அகலம் 1,435 என்றும், இத்தகைய சிற்றுரு ரயில்கள் அந்த அளவை வைத்தே உருவாக்கப்படுகின்றன என்றும் ஆசிரியை விளக்கினார். காரைக்குடியிலிருந்து திருச்சி வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இந்த அளவில் அதைச் செய்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். 2,065 மீட்டர் நீளமுள்ள பழைய பாம்பன் பாலமோ சுமார் 24 மீட்டரில் அடங்கிவிடும். அதாவது, எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம்!

இரண்டு தண்டவாளங்களின் வழியாகவே குறைந்த அழுத்த மின்சாரம் பாய்ந்து, சக்கரங்களின் மூலம் உள்ளே இருக்கும் மோட்டாரை அடைகிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். இயற்பியல் பாடத்தில் நேர்மின் முனை, எதிர்மின் முனை என்று மனப்பாடம் செய்ததெல்லாம் கண்ணெதிரே ஓடக் கண்டோம்.

வெளியே வந்து மர நிழலில் அமர்ந்தபோது சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார். புனேயையும் மும்பையையும் இணைக்கும் புகழ்பெற்ற டெக்கான் குயின் ரயில் 1930-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. நம் காரைக்குடி வழியாகப் புதுக்கோட்டை – மானாமதுரைப் பாதை திறக்கப்பட்டதும் அதே 1930-இல்தான்! அந்த டெக்கான் குயினை 2011-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஓட்டிச் சென்றவர் ஒரு பெண்மணி. புனேக்கு அருகிலுள்ள சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் அவர்கள். இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்ற பெருமைக்குரியவர். நாங்கள் கைதட்டி மகிழ்ந்தோம். "நானும் ரயில் ஓட்டப் போகிறேன்" என்று அங்கேயே இருவர் சபதம் எடுத்துக்கொண்டனர்.

அப்போதும் எங்களில் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளுடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்க்கிறார் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். "என்னடி யோசனை?" என்று கேட்டோம். தயங்கித் தயங்கி அவள் கேட்டாள்: "அவ்வளவு பெரிய ஊரை வச்சிருக்காங்க. டிரைவர் இருக்காரு, பயணிகள் இருக்காங்க, சர்க்கஸ்கூட இருக்கு. லைன் பார்க்கிற ஆளு எங்கேடி?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அப்படி ஓர் உருவம் படவுமில்லை. அவளே விளக்கினாள். அதுவரை வகுப்பில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அந்த மர நிழலில் எங்கள் எல்லோருக்கும் ஆசிரியை ஆனாள்.

அவள் அப்பா ஒரு கீமேன். தம் பொறுப்பில் உள்ள தண்டவாளம் முழுவதையும் நாள்தோறும் நடந்தே பார்ப்பது அவர் பணி. தோளில் சுத்தியலும் திருகு சாவியும், கையில் சிவப்புக் கொடியும் இருக்கும். முற்காலத்தில் தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்க ஆப்புப் போன்ற சாவிகளை அடித்துச் செருகுவார்களாம். அச்சாவிகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்து அடித்து இறுக்கியவருக்குக் கீமேன் என்று பெயர் வந்தது. இன்று பெரும்பாலும் சாவிக்குப் பதில் வளைந்த எஃகுக் கிளிப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் பெயர் மாறவில்லை, நடையும் குறையவில்லை.

"வெயிலில் தண்டவாளம் நீளும், குளிரில் சுருங்கும் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதை எங்கப்பா காலால் படிக்கிறார்" என்றாள் அவள். சித்திரை வெயிலில் இரும்பு நீண்டு, இடம் போதாமல் பாதை வளைந்துவிடக் கூடும். மார்கழிப் பனியில் சுருங்கும்போது விரிசல் விடக் கூடும். மழைக்காலத்தில் பாதையின் அடிமண் கரையக் கூடும். எங்கேனும் உடைப்பைக் கண்டால் கீமேன் அங்கேயே சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். தொலைவில் தண்டவாளத்தின் மேல் எச்சரிக்கை வெடிகளை வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும் ஓசை கேட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். "எங்கப்பா ஓடினால்தான் ரயில் நிற்கும்" என்று அவள் சொன்னபோது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர்கள் ஊர்ப் பாதையின் கதையையும் அன்றுதான் கேட்டோம். அறந்தாங்கி வரை முன்பே வந்திருந்த மீட்டர் பாதை, 1952-ஆம் ஆண்டு காரைக்குடிவரை நீட்டப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012-இல் அதில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அப்போது நாங்கள் தவழ்ந்து எழுந்த குழந்தைகள். அந்தச் சில ஆண்டுகள் அவள் அப்பா வேறு ஊரில் பணிபுரிந்தார். மாதம் ஒருமுறை வீட்டிற்கு வருவார். 2018-இல் அகலப்பாதையில் காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டைக்கு மீண்டும் வண்டி ஓடியபோது, அவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் நின்று பார்த்தாளாம். ஊரே வண்டிக்குக் கையசைத்தது. அவள் மட்டும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா இனிமேல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போவார் என்ற நினைப்பு அவளுக்கு!

"இதையெல்லாம் ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?" என்று கேட்டோம். "கேட்டால் 'ரயில்வே' என்று சொல்லுவேன். உடனே 'ஸ்டேஷன் மாஸ்டரா, டி.டி.ஆரா?' என்று கேட்பார்கள். அதற்குமேல் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிடுவேன்" என்றாள். சிஸ்டர் அவள் தலையை வருடி, "நாளைக்கு ஊருக்குப் போகும்போது பாதை நெடுக எத்தனை அப்பாக்கள் நடக்கிறார்கள் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அப்படியே எண்ணினோம். சன்னலோரச் சண்டை இந்த முறை வேறு காரணத்திற்காக நடந்தது! ஆந்திரப் பொட்டல்வெளியில் சுத்தியலைத் தோளில் சாய்த்து ஒதுங்கி நின்ற ஒருவர். அரக்கோணத்திற்கு அருகில் பச்சைக்கொடி பிடித்த ஒருவர். திருச்சியைத் தாண்டி அந்தி மங்கலில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த ஒருவர். கையசைத்தோம். சிலர் வியந்து பார்த்தனர். சிலர் திருப்பிக் கையசைத்தனர். காரைக்குடி வருவதற்குள் பதினேழு பேரை எண்ணியிருந்தோம்.

இவ்வாண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, எண்மரும் ஒரே குரலில் விடை சொன்னோம். எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அதே கணக்கில் அறந்தாங்கிப் பாதையின் ஒரு சிறு பகுதியை அமைத்தோம். மேசைகளைச் சேர்த்துப் போட்டதில் நான்கு மீட்டர் கிடைத்தது. அது உண்மையில் 350 மீட்டர்கூட இல்லை. தண்டவாள அகலம் 19 மில்லிமீட்டர். அலுமினியக் கம்பியால் செய்தோம். கட்டைகளுக்கு ஐஸ் குச்சி, ஜல்லிக்குச் சலித்த செம்மண், கருவேல மரங்களுக்குத் துடைப்பக் குச்சியும் பச்சைப் பஞ்சும். அட்டைப் பெட்டி ரயில் ஒன்று பேட்டரி மோட்டாரில் தள்ளாடித் தள்ளாடி ஓடியது. புனேயில் கண்டதற்கு முன் அது ஒன்றுமே இல்லைதான். ஆயினும் அங்கே எங்கள் கண்ணில் படாத ஒருவர் இங்கே இருந்தார். மெழுகில் வடித்த, இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த உயரமுள்ள ஒரு மனிதர்! தோளில் குண்டூசியால் ஆன சுத்தியல்; கையில் சிவப்பு ரிப்பன் துணுக்கு. அவரைச் செய்த பிறகே ரயிலைச் செய்தோம்.

கண்காட்சி நாளன்று பெற்றோர் பலர் வந்திருந்தனர். அவளுடைய அப்பாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் வந்தார். முதலில் வாசலருகிலேயே நின்றார். "அப்பா, உள்ளே வாங்க, முன்னாடி வந்து பாருங்க" என்று எல்லோரும் கூப்பிட்டோம். வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். ரயிலைப் பார்க்கவில்லை, கம்பியும் கட்டையும் சேரும் இடங்களையே பார்த்தார். பிறகு அந்தச் சிறு மனிதரைக் கண்டுகொண்டார். "கொடியைக்கூட விடாம வச்சிருக்கீங்களே, தாயி!" என்றார். மேற்கொண்டு அவர் பேசவில்லை. வந்திருந்தவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை அன்று முழுவதும் எங்கள் தோழியிடமே விட்டுவிட்டோம். "இவர் கீமேன். எங்கப்பாவும் இந்த வேலைதான் பார்க்கிறார்" என்றுதான் ஒவ்வொரு முறையும் அவள் தொடங்கினாள்.

அன்புத் தோழியரே! மாளிகையின் நிலைக்கதவைப் புகழ்கிறோம். அதைத் தாங்கும் அடித்தளத்தை எவரும் பார்ப்பதில்லை. விருந்தைப் புகழ்கிறோம், விடியுமுன் விறகடுக்கியவரை மறந்துவிடுகிறோம். நம் பள்ளியிலும் நமக்கு முன்னே வந்து வாசல் பெருக்குபவரும், நாம் போன பின்னே விளக்கணைத்துப் பூட்டுபவரும் இருக்கின்றனர். உலகம் ஓடிக்கொண்டிருப்பது இத்தகையோரின் நடையால்தான். ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சன்னல் வழியே சற்றுப் பாருங்கள். பாதையோரம் ஒதுங்கி நிற்கும் ஒருவர் தெரிவார். மறவாமல் ஒருமுறை கையசையுங்கள்!