ஆடி மழையில் உடுப்பி

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே அமைந்த திருத்தலம் உடுப்பி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை மலையில் முட்டி இக்கரையிலேயே சொரிகிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். உடுப்பியிலோ 4,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஆடிப்பெருக்கில் காவிரியின் புதுப்புனலை வணங்கும் நம்மவர், அப்புனலைத் தரும் பருவமழையை இங்கே நேரில் காணலாம்.

மழை ஓயட்டும் என்று மூத்த அன்பர் பலர் இந்த யாத்திரையைத் தள்ளி வைப்பதுண்டு. அடுத்த ஆண்டு முழங்கால் இடங்கொடாமற் போகவே, அது நிறைவேறாமலே போய்விடுகிறது. ஆனால், மழையில் உடுப்பிக்கு வந்த வெளியூர் அன்பர் மனத்தில் முதலில் பதிவது அவ்வூராரின் பண்பே.

ரதவீதியில் நடக்கையில் முன்னறிவிப்பின்றி மழை கொட்டும். சரிந்திறங்கும் ஓட்டுக் கூரைகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கும் முதியவருக்குக் கடைக்காரர் முக்காலியை நகர்த்திப் போடுகிறார். ஏதேனும் வாங்குவாரோ என்று பார்ப்பதில்லை. "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்கிறார். சாப்பாடு ஆயிற்றா என்பது பொருள். வீட்டில் துளுவும் வந்தவரிடம் கன்னடமும் பேசும் இவ்வூரில், மழையைக் குறித்து அலுத்துக்கொள்வோரைக் காண்பது அரிது.

அந்தக் கேள்விக்கு விடை திருக்கோயிலிலேயே காத்திருக்கிறது. மத்வாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் பிரதிஷ்டை செய்த ஸ்ரீகிருஷ்ணரின் சந்நிதியில், பக்தர்களுக்கு நாள்தோறும் அன்னம் பரிமாறப்படுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பூஜைப் பொறுப்பு எட்டு மடங்களுள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும் பர்யாயத்தின்போது, கைமாறுபவற்றுள் அட்சய பாத்திரமும் கரண்டியும் உண்டு. அன்னமிடுவதும் பூஜையின் அங்கமே என்பதற்கு இது சான்று.

மேற்குச் சுவரில் அமைந்துள்ளது கனகன கிண்டி. உள்ளே செல்ல இயலாமல் வெளியே நின்று உருகிய கனகதாசருக்காகச் சுவர் பிளக்க, கண்ணன் மேற்கு நோக்கித் திரும்பிக் காட்சி தந்தான் என்பது தல வரலாறு. வாயிலுக்கு வெளியே நின்றவரை நோக்கி இறைவனே திரும்பிய ஊரில், தாழ்வாரத்தில் நனைந்து நிற்பவரை மக்கள் திரும்பிப் பார்ப்பதில் வியப்பென்ன!

முதலில் சந்திரமௌலீசுவரரையும் அனந்தேசுவரரையும் வணங்கி, பின்னரே கிருஷ்ணரைத் தரிசிப்பது மரபு. ஒன்பது துளைகள் கொண்ட நவக்கிரக கிண்டி வழியே தரிசனம். ஆடவர் மேற்சட்டை களைய வேண்டும். கோடை விடுமுறையின் நெரிசல் ஆடியில் இராது. சற்றே நின்று வணங்க இயலும்.

மூத்தோர் கவனிக்க வேண்டியவை சில: கருங்கல் தளமும் மத்வ சரோவரத்தின் படிகளும் வழுக்கும், கைத்தடியும் துணைக்கு ஒருவரும் அவசியம். மாற்றுடையும் மருந்தும் நெகிழிப் பையில் இருக்கட்டும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாள்களில் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். மற்ற நாள்களில் மழைக்கு அஞ்ச வேண்டா. உடல் ஒத்துழைக்கும்போதே உடுப்பிக் கண்ணனைத் தரிசித்து, அவன் சந்நிதியில் அமர்ந்து பிரசாதம் உண்டு வருவோம்.