இருமுறை எண்ணப்பட்ட வெயில்

மொட்டை மாடியில் விழும் வெயிலை வரவில் எழுதுவதா, செலவுக் குறைப்பில் எழுதுவதா? கணக்கருக்குரிய இக்கேள்வி எங்கள் அடுக்ககத்தில் பல மாலைகளைத் தின்றது. கட்டுநர் ஒப்படைத்த பசுமைச் சான்றிதழின் கோப்பை நாங்கள் சிலர் கூடிப் பக்கம் பக்கமாக வாசித்தோம். எங்கள் இலக்கியக் கூட்டங்களுக்கு இவ்வளவு பேர் வந்ததில்லை.

கட்டடம் சான்று பெற்றது, அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் முறை, 2009ஆம் ஆண்டுப் பதிப்பின்படி. அதில் சிக்கனம் யூனிட்டில் அன்று, பணத்தில் அளக்கப்பட்டது. குறைந்தபட்ச விதிகளை மட்டும் நிறைவு செய்யும் கற்பனைக் கட்டடம் ஒன்றைக் கணினியில் எழுப்பி, அதன் ஆண்டு மின்செலவோடு நம்முடையதை ஒப்பிடுவர். புதுக் கட்டடத்தில் 12 விழுக்காடு குறைந்தால் ஒரு புள்ளி. 48 விழுக்காடு குறைந்தால் 19 புள்ளிகள். கூரைத் தகடுகள் தரும் மின்சாரத்துக்கு விலை இல்லை என்று கொள்வதால், அது முதலில் இங்கே கழிந்துவிடும். பின்னர் அதே மின்சாரம் மொத்தச் செலவில் எத்தனை விழுக்காடு என்று தனியே பார்த்து, 1 விழுக்காட்டுக்கு ஒரு புள்ளி முதல் 13 விழுக்காட்டுக்கு ஏழு புள்ளிகள் வரை மறுபடியும் வழங்குவர்.

இதை மோசடி என்று சொல்வது அநியாயம். விதி ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது. தகடுகள் விலையேறியிருந்த நாளில் துணிந்து முதலிட்டவருக்கான ஊக்கம் என்றே கொள்ளலாம். எங்களை உறுத்தியது வேறு. எங்கள் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. பிற்பகலில் அவ்வீடுகள் உலையாகின்றன. குளிர்சாதனம் இரவுவரை ஓடுகிறது. தகடுகளின் மின்சாரமோ பொது இணைப்பில் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போகிறது. கோப்பில் இரண்டும் ஒரே விழுக்காட்டுக்குள் கரைந்துபோக, கண்ணாடிச் சுவரின் குறை கண்ணுக்குத் தெரியவில்லை. மின்கட்டணம் செலுத்துகிறவருக்கு மட்டும் தெரிகிறது.

மூன்றாவது எண்ணிக்கையும் உண்டு. பல மாநில விதிகளின்படி, நிகர அளவீட்டில் இணைந்த கூரைகளின் மின்சாரத்தை, மின் வழங்கும் நிறுவனம் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கொள்முதல் கடமைக்குள் வரவு வைத்துக்கொள்ளலாம். ஒரே வெயிலுக்கு எத்தனை உரிமையாளர்கள்!

சியாட்டிலில் 2013 ஏப்ரல் 22 அன்று திறக்கப்பட்ட புல்லிட் மையத்தின் கணக்கு எங்களைக் கவர்ந்தது. மேகம் சூழ்ந்த அந்நகரில் ஆறு மாடிக் கட்டடம், 575 தகடுகள். கூரை எவ்வளவு தரும் என்று முதலில் கணித்து, அதற்குள் அடங்குமாறு உள்ளே இருப்போரின் நுகர்வுக்கு வரம்பு வகுத்தனர். லிஃப்டை மறக்கச் செய்யக் கண்ணாடி சூழ்ந்த படிக்கட்டை வாசலிலேயே அமைத்தனர். அது நாடிய லிவிங் பில்டிங் சேலஞ்ச் சான்று கணினிக் கணிப்பை ஏற்பதில்லை. குடியேறிய பின் தொடர்ந்து பன்னிரண்டு மாத மீட்டர் கணக்கைக் கேட்கிறது. கோடையின் மிகுதியைக் கொண்டு குளிர்காலத்தின் பற்றாக்குறையை ஈடுசெய்யும் ஆண்டுக் கணக்குதான் அதுவும். ஆனால் எரித்தது எவ்வளவு, விளைத்தது எவ்வளவு என்று மீட்டரே சொல்கிறது.

இப்போது எங்கள் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் இரண்டு பத்திகள் எழுதுகிறோம்: கட்டடம் உண்டது, கூரை தந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதில்லை. மேற்குப் பக்க வீட்டார் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். முகப்பின் அழகு கெடும் என்கிறார் செயலாளர்.