கோப்பின் முகவரி

கெடில நதிக்கரையில் விளங்கும் பழம்பதி திருவதிகை. அப்பர் சூலை நோய் நீங்கப்பெற்ற தலம் என்று பெரியபுராணம் இதனைப் போற்றும். அவ்வூர்த் தெருவில் ஒருவர் நின்று, "கோயில் எங்கே?" என்று வினவினால், "நேரே சென்று வலப்புறம் திரும்புங்கள்" என்பது போன்ற விடை கிடைக்கும். அங்கு நிற்பவருக்கு அது போதும். அவ்விடையையே நம்பிச் சிதம்பரத்தில் ஒருவர் நடப்பாராயின், எங்குச் சென்று சேர்வாரோ! அயலூரார் எழுதும் மடலுக்கு மாநிலம், மாவட்டம், ஊர் அனைத்தும் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுக்களும் வளநாடு, நாடு, ஊர் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வந்தே இடத்தைச் சுட்டுகின்றன.

கணிப்பொறியில் உள்ள கோப்புகளுக்கும் இத்தகைய இருவகைப் பெயர்கள் உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையில், கோப்புறைக்குள் கோப்புறையாக யாவும் ஒரு மரம்போல் அமைந்துள்ளன. மரத்தின் வேரைக் குறிப்பது ஒரு சாய்கோடு. '/பள்ளி/பத்து/மதிப்பெண்' என்பது வேரிலிருந்து தொடங்கும் முழுப்பெயர். 'பத்து' என்னும் கோப்புறையில் நின்றுகொண்டு 'மதிப்பெண்' என்று மட்டும் சொன்னாலும் அக்கோப்பே கிடைக்கும். இது சார்புப்பெயர். அடுத்துள்ள 'ஒன்பது' என்னும் கோப்புறையில் நிற்பவர் '../பத்து/மதிப்பெண்' என்பார். இரண்டு புள்ளிகள் ஒரு படி மேலே ஏறுவதைக் குறிக்கும்.

'மதிப்பெண் கோப்பை அழித்துவிடு' என்று ஒரு நிரல் சார்புப்பெயரால் ஆணையிடுவதாகக் கொள்வோம். பத்தாம் வகுப்புக்காக எழுதிய அந்நிரலை 'ஒன்பது' கோப்புறையில் நின்று இயக்கினால், ஒன்பதாம் வகுப்பினரின் மதிப்பெண்கள் மறைந்துபோம். பொறி, "எந்த வகுப்பு?" என்று கேளாது, சொன்னதைச் செய்துவிடும். யூனிக்ஸில் அவ்வாறு அழிந்த கோப்பை மீட்பது அரிது.

அங்ஙனமாயின் எங்கும் முழுப்பெயரையே எழுதலாமே எனின், அதற்கும் ஓர் இடர் உண்டு. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. பழைய முகவரிகளில் இருந்த மாவட்டப் பெயர் பொருந்தாமற் போயிற்று. திருவதிகைத் தெருவில் வழி சொல்வோருக்கோ ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. 'பள்ளி' என்னும் கோப்புறையின் பெயரை மாற்றினாலும், அதனை வேறு கணிப்பொறிக்கு எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்தாலும், நிரலில் எழுதிய முழுப்பெயர்கள் பயனற்றுப்போம். உள்ளிருக்கும் சார்புப்பெயர்கள் சிதையா. ஆதலின் சேர்ந்தே பயணம் செய்யும் கோப்புகளுக்குச் சார்புப்பெயரும், இடம்பெயராதவற்றுக்கு முழுப்பெயரும் இடுவது பெரும்பாலும் தக்கது.

'நான் நிற்குமிடம் எது?' என்று கேட்பதற்கு யூனிக்ஸில் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அழிக்கும் கட்டளையைச் சார்புப்பெயரோடு இடுமுன், கைதேர்ந்த நிரலாளர் முதலில் அதனை இட்டுப் பார்ப்பர்.