கையெழுத்தா? கணினி எழுத்தா?

அவள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுதியில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் ஸ்க்ராப்புக் செய்து கொடுப்பது அவள் வேலைதான். சார்ட் பேப்பர், ஜிகினா, சாக்லேட் உறை, சினிமா டிக்கெட் என்று எது கிடைத்தாலும் ஒட்டி அழகாக்கி விடுவாள். ஒட்டுவதில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை எழுதுவதில்தான். அவள் கையெழுத்து அப்படி! "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொன்னது இன்னும் மறக்கவில்லை. அதனால் எழுத வேண்டியதை எல்லாம் கணினியில் அடித்து, அச்செடுத்து, வெட்டி ஒட்டிவிடுவது வழக்கம்.

இந்த முறை ஆல்பம் பாட்டிக்கு. பாட்டிக்கு எண்பது வயது முடிகிறது. பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், தாத்தா வேலை பார்த்த ஊரிலிருந்து போட்ட இன்லண்ட் லெட்டர்கள், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு... எல்லாம் அவள் கைக்கு வந்தன. நாற்பது பக்கத்துக்கு விஷயம் இருந்தது. அப்போதுதான் முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. இதில் எழுதுவதா, அச்சடிப்பதா?

சின்னக் கேள்விதான். ஆனால் யோசிக்க யோசிக்கப் பெரிதாகிக்கொண்டே போனது.

கொஞ்சம் பழைய கதை

ஸ்க்ராப்புக் ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. டாம் சாயர் கதை எழுதிய மார்க் ட்வெயின் 1873-இல் ஒரு ஸ்க்ராப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும். தண்ணீரால் நனைத்துப் படத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்!

இப்போது நாம் பார்க்கும் வகை ஸ்க்ராப்புக் பரவியதில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குடும்ப வரலாற்றைப் பதிந்து வைப்பதை அங்குள்ள மார்மன் மக்கள் ஒரு கடமையாகவே நினைக்கிறார்கள். அந்த மாநிலத்தைச் சேர்ந்த மேரிலீன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தன் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள்! அதைப் பார்த்தவர்கள் தாங்களும் செய்ய ஆசைப்பட்டார்கள். பிறகு அது ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது.

படத்துக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்புக்கு அவர்கள் 'ஜர்னலிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படம் முகத்தைக் காட்டும். அது யார், எந்த ஊர், அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்ல எழுத்துதான் வேண்டும். எழுத்து இல்லாத ஆல்பம் இரண்டு தலைமுறையில் ஊமையாகி விடும். அவள் இறக்கிய தகரப் பெட்டியிலேயே அப்படி ஒன்பது படங்கள் இருந்தன. அப்பாவுக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை.

அச்சின் பக்கம்

அச்சுக்குச் சாதகமாக அவளிடம் நிறையக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் பாட்டியின் கண். இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. பொடி எழுத்து படிக்க முடியாது. கணினியில் 18 புள்ளி அளவில் பளிச்சென்று அடித்துக் கொடுத்தால் பாட்டி தானே படித்துக்கொள்வார். இது சாதாரண விஷயமா? யாருக்காக ஆல்பம் செய்கிறோமோ அவரால் படிக்க முடியாவிட்டால் அப்புறம் எதற்கு அது?

இரண்டாவது, தப்பு வந்தால் திருத்தலாம். கையால் எழுதும்போது கடைசி வரியில் ஒரு பிழை வந்தால் பக்கமே போச்சு. மூன்றாவது, நகல். சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, அத்தை வீட்டுக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சரி, அச்சுதான் என்று முடிவு செய்து பத்துப் பக்கம் தட்டச்சு செய்துகொண்டு அச்செடுக்கும் கடைக்குப் போனாள். அங்கே கோப்பைத் திறந்தால் பாதி இடத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக நிற்கிறது! அவள் பழைய முறை எழுத்துரு ஒன்றை ஆசைப்பட்டுத் தலைப்புகளுக்குப் போட்டிருந்தாள். அது கடைக் கணினியில் இல்லை. தமிழில் அச்செடுக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை யூனிகோடு எழுத்துரு, கடைக்குக் கொண்டு போவது எழுத்துரு உள்ளேயே பொதிந்த பிடிஎஃப் கோப்பு. இந்த இரண்டும் இருந்தால் தலைவலி இல்லை.

எது அதிக நாள் நிற்கும்?

"அச்சடித்தால் அழியாது, பேனா மை மங்கிவிடும்" என்று அறைத் தோழி சொன்னாள். "இல்லை, பேனாதான் நிற்கும்" என்றாள் இன்னொருத்தி. இருவர் சொன்னதும் பாதி உண்மைதான். நிற்பதும் மங்குவதும் கையைப் பொறுத்ததோ கருவியைப் பொறுத்ததோ இல்லை. மையையும் தாளையும் பொறுத்தது.

மையில் இரண்டு வகை. ஒன்று சாயம். தண்ணீரில் சர்க்கரை கரைவது போல நிறம் திரவத்தில் கரைந்திருக்கும். இன்னொன்று நிறமித் துகள். கரையாமல் பொடியாக மிதந்து, தாளில் படிந்து நிற்கும். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். அதிலும் தண்ணீரில் கரையும் சாயம் என்றால் ஈரம் பட்டதும் ஓடிவிடும். நிறமி மை அவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்காது.

பல இங்க்ஜெட் அச்சு இயந்திரங்களில் வண்ண மை சாயம்தான். லேசர் அச்சில் மையே கிடையாது, பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்ட வைக்கிறார்கள். அதனால் தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் பிவிசி உறையில் போட்டு வைத்தால் அந்த எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படங்களுக்கும் பிவிசி ஆகாது. பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.

பேனாவிலும் இதே கதைதான். சாதாரண பால்பாயிண்ட் பேனாக்களில் பெரும்பாலும் சாயம். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1982-இல் 'பிக்மா' என்ற நிறமி மையைக் கொண்டு வந்தது. ஆல்பம் செய்கிறவர்கள் அந்த மாதிரிப் பேனாவைத் தேடி வாங்குவது இதனால்தான்.

தாள் விஷயமும் முக்கியம். செய்தித்தாளை ஒரு மாதம் வெயிலில் போட்டால் மஞ்சளாகி விடுகிறதே, மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் அதற்குக் காரணம். தாளில் அமிலம் இருந்தாலும் நாளாக நாளாகப் பொடிந்து போகும். அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்க வேண்டும். விடுதியில் அவள் செய்து கொடுத்த ஸ்க்ராப்புக் எதற்கும் இதையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. ஏடிஎம் சீட்டையும் பஸ் டிக்கெட்டையும் அப்படியே ஒட்டியிருக்கிறாள். சூட்டில் அச்சாகும் அந்தச் சீட்டுகள் கொஞ்ச நாளில் வெள்ளைத் தாளாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

ஆக, கவனமாகச் செய்தால் இரண்டுமே நிற்கும். கேள்வி மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது!

சமையல் நோட்டு சொன்ன பதில்

தாத்தாவின் கடிதங்களையும் பாட்டியின் சமையல் குறிப்புகளையும் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். ஒரு பக்கம்கூட முடியவில்லை, நிறுத்திவிட்டாள்.

காரணம் ஒரு எழுத்து. 'கறிவேப்பிலை' என்று பாட்டி எழுதியிருந்த இடத்தில் 'லை' வேறு மாதிரி இருந்தது. எழுத்துக்கு முன்னால் இரட்டைச் சுழி இல்லை. அதற்குப் பதில் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு கொக்கி. 'அண்ணா' என்று எழுதிய இடத்தில் 'ணா'வுக்குத் துணைக்கால் தனியாக இல்லை, எழுத்தோடு சேர்ந்தே சுழிந்திருந்தது. பாட்டி பள்ளிக்கூடத்தில் கற்றது அந்த எழுத்து. பெரியார் 1935-இலேயே தன் குடி அரசு ஏட்டில் மாற்றிக் காட்டிய வடிவங்களை, 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் அப்போது மாறின. சீர்திருத்தம் நல்லதுதான். பிள்ளைகள் படிக்கவும் அச்சுக் கோக்கவும் சுலபமானது. ஆனால் பாட்டியின் கை மட்டும் மாறவில்லை.

இன்று கணினியில் வரும் வழக்கமான எழுத்துருக்களில் அந்த வடிவம் கிடையாது. தட்டச்சு செய்தால் 'கறிவேப்பிலை' என்ற சொல் வரும், பாட்டியின் 'லை' வராது. தாத்தாவின் கடிதத்தில் அவசரமாக எழுதிய வரிகள் சாய்ந்து போயிருந்தன. பணம் அனுப்ப முடியவில்லை என்று சொல்லும் இடத்தில் அடித்து அடித்துத் திருத்தியிருந்தார். அதை அச்சடித்தால் செய்தி இருக்கும், அந்த அடித்தல் இருக்காது. அந்த அடித்தலில்தான் தாத்தா இருக்கிறார்.

அதன் பிறகு அவளுக்குக் குழப்பமில்லை. பாட்டி படிக்க வேண்டியதை அச்சடிப்பது, பாட்டிக்குப் பின்னால் வருகிறவர்கள் பார்க்க வேண்டியதைக் கையெழுத்தாகவே விடுவது என்று பிரித்துக்கொண்டாள்.

நீண்ட கதைகளை எல்லாம் பெரிய எழுத்தில் லேசர் அச்செடுத்தாள். கடிதங்களையும் சமையல் குறிப்புகளையும் ஸ்கேன் செய்து ஒட்டினாள். அசலை ஒட்டவில்லை. அது தனி உறையில் பத்திரமாக இருக்கிறது. தன்னுடைய கோழிக் கிளறலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். பாட்டிக்கு அவள் எழுதும் கடிதம் அது. ஆல்பத்திலேயே நேராக எழுதாமல் தனித்தாளில் எழுதி, மூன்றாவது முறை சரியாக வந்ததை ஒட்டினாள். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவள் எழுத்து.

அந்த ஒன்பது படங்கள்? அவற்றின் கீழே வெறும் கட்டம் போட்டு விட்டுவிட்டு, பிறந்த நாளுக்கு முன்பே பாட்டியிடம் கொண்டு போய் வைத்தாள்.

"கை நடுங்குதுடி. நான் சொல்றேன், நீ கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கோ" என்றார் பாட்டி.

"நடுங்கினா பரவாயில்ல பாட்டி. நீங்களே எழுதுங்க."

பாட்டி எழுதினார். ஒரு நாளைக்கு ஒரு படம், இரண்டு படம். சில இடத்தில் வரி கட்டத்தைத் தாண்டி ஓடியது. ஏழு படங்களுக்கு ஆள் தெரிந்தது. அதில் ஒன்று, சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்ட பாட்டியின் தங்கை. வீட்டில் யாரும் அதுவரை கேள்விப்படாத பெயர். மீதி இரண்டு படங்கள் பாட்டிக்கும் நினைவில்லை. அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அச்சா, கையெழுத்தா என்று அப்புறம் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். முதலில் ஒரு நல்ல பேனா வாங்கி, எழுத வேண்டியவர் கையில் கொடுத்து விடுங்கள்.