மருந்து அடிக்கும் முன்

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

படைப்புழு தலைகாட்டியதுமே மக்காச்சோளக் காடு முழுக்க மருந்து அடித்துவிட்டதாகப் போனில் சொன்னாய். 2018-இல் பெரம்பலூர்ப் பக்கம் அந்தப் புழு செய்த நாசத்தைக் கண்ணால் பார்த்தவன் நீ. உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புழு கடித்தால் பயிர் சும்மா நிற்பதில்லையடா. தட்டை அறுக்கும்போது குப்பென்று ஒரு பச்சை வாடை வருமே, கடிபட்ட இலையிலிருந்தும் முதலில் கிளம்புவது அந்த வகை வாடைதான். சில மணி நேரம் கழித்து வேறொரு வாசனை வரும். கத்திரியால் வெட்டினால் அது அவ்வளவாக வராது; புழுவின் எச்சில் பட வேண்டும். அப்படியொரு புழுவின் எச்சிலிலிருந்து, இந்த வாசனையைத் தூண்டும் வாலிசிட்டின் என்ற பொருளை 1997-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். கடிபடாத இலைகளும் சேர்ந்தே அந்த வாசனையை விடும். அதை மோப்பம் பிடித்துச் சிறு குளவிகள் வந்து புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். நாம் அடிக்கும் மருந்து பல சமயம் அந்தக் குளவிகளையும் சேர்த்தே கொல்கிறது.

என்னை உலுக்கியது இன்னொன்று. கென்யாவில், தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சி முட்டையிட்டதுமே, புழு பொரிவதற்கு முன்பே, மக்காச்சோளத்தின் நாட்டு ரகங்கள் சில குளவிகளை அழைக்கின்றன. வீரிய ஒட்டு ரகங்களில் அது அரிது. வேரிலும் இதே கதைதான். வேர்ப்புழு கடித்தால், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் கேரியோஃபிலீன் என்ற வாசனைப் பொருளை வேர் மண்ணுக்குள் விட்டு, அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை வரவழைக்கும். வட அமெரிக்க ரகங்களில் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்துவிட்டன என்று 2005-இல் தெரியவந்தது. விளைச்சலை மட்டுமே பார்த்து விதை தேர்ந்தெடுத்தோம். வாசனையை யாரும் அளக்கவில்லை. விதை ஆராய்ச்சியிலேயே இருக்கும் எனக்கு இதில் மனசு ஆறவில்லை.

குருத்துக்குள் புழு மண்டிவிட்டால் வாசனை மட்டும் பயிரைக் காப்பாற்றாது. அப்போது மருந்து வேண்டும்தான். ஆனால் இலையில் நாலு ஓட்டை கண்டதுமே டேங்கை முதுகில் மாட்டாதே. காட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து, எத்தனை செடியில் குருத்து கடிபட்டிருக்கிறது என்று எண்ணிப் பார். செத்துக் காய்ந்த புழுவும் அதன் பக்கத்தில் சின்னக் கூடும் கண்ணில் பட்டால், அது குளவியின் வேலை; போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த தடவை அடிக்கும்போது, கிழக்கு வரப்போரம் ஏழெட்டுச் சால் மருந்து படாமல் விடுவாயா? பொங்கலுக்கு வரும்போது, அங்கே குளவி வந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா